கதைக் கொலையும் மனத்தின் இசைவும்

கொலையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததைக் கண்டு உள்ளம் உவந்து உடன்படுதல் என மூன்று நிலைகளை நம் ஆன்றோர் வகுத்தனர். அவற்றை மனம், மொழி, மெய் ஆகிய மூன்றோடும் பெருக்கி ஒன்பது வாயில்களாகவும் விரித்துரைத்தனர். முதலிரண்டு நிலைகளிலும் நம் இல்லங்கள் விழிப்பாகவே இருந்து வருகின்றன. நீரை வடிகட்டிப் பருகவும், பொழுது சாயுமுன் உணவை முடிக்கவும், காலடியில் ஊரும் சிற்றுயிரைக் கண்டு விலகி நடக்கவும் சிறு வயதிலேயே பழகிவிடுகிறோம். மூன்றாம் நிலையாகிய அனுமோதனையோ ஓசையின்றி நிகழ்வது. அதற்குக் கத்தி வேண்டா, கூட்டாளி வேண்டா, சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஒரு புத்தகத்தை விரித்தாலே போதும்.

கதையில் வரும் கொலையில் எவ்வுயிரும் இறப்பதில்லை. மையும் தாளுமே அங்குள்ளவை. அவ்வாறிருக்க, அக்கொலையைப் படித்து மகிழ்பவனுக்கு அதில் பங்கு உண்டா? இவ்வினாவை வெறும் தருக்கமாக வைத்து ஆராய்வதைவிட, உலகெங்கும் எண்ணற்றோர் படித்த ஒரு நாவல் வரிசையையும், அதனை அதன் வாசகர் ஏற்றுக்கொண்ட முறையையும் முன்வைத்து ஆராய்வது பயன் தரும். நம் வீட்டு இளைஞர் பலர் இந்நாவல்களைப் படித்திருப்பர். அல்லது இவற்றைத் தழுவிய படங்களைப் பார்த்திருப்பர். ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

அறிவில் சிறந்த கொலைஞன்

அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் ஹாரிஸ் 1981இல் 'ரெட் டிராகன்' என்னும் நாவலை வெளியிட்டார். ஹானிபல் லெக்டர் என்னும் பாத்திரம் முதலில் தோன்றியது அதில்தான். 1988இல் 'தி சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்', 1999இல் 'ஹானிபல்', 2006இல் 'ஹானிபல் ரைசிங்' என அவ்வரிசை வளர்ந்தது. லெக்டர் ஒரு மனநல மருத்துவன். பல மொழிகள் அறிந்தவன். இசையிலும் ஓவியத்திலும் தோய்ந்தவன். இன்சொல்லும் பண்பும் உடையவன் போல் உரையாடுபவன். அவனே மனிதரைக் கொன்று உண்பவனும் ஆவான்.

இரண்டாம் நாவலில் அவன் காவலில் அடைபட்டிருக்கிறான். இளம்பெண்களைக் கடத்திக் கொன்று தோலுரிக்கும் வேறொரு கொலைஞனைப் பிடிப்பதற்காக, எஃப்.பி.ஐ. நிறுவனத்தின் பயிற்சி மாணவியான கிளாரிஸ் ஸ்டார்லிங் அவனைக் காண அனுப்பப்படுகிறாள். தான் தரும் ஒவ்வொரு குறிப்புக்கும் விலையாக அவளுடைய இளமைக்கால நினைவு ஒன்றைக் கேட்கிறான் லெக்டர். இவ்வுரையாடல்களே கதையின் உயிர்நாடி.

ஜோனதன் டெம்மி இயக்கத்தில் இந்நாவல் 1991இல் திரைப்படமாயிற்று. 1992இல் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய 5 பெரும் விருதுகளையும் அது பெற்றது. லெக்டராக நடித்த ஆந்தனி ஹாப்கின்ஸ் திரையில் தோன்றும் நேரம் படத்தின் கால் பங்குக்கும் குறைவு. எனினும் மக்கள் நினைவில் ஓங்கி நின்றவன் லெக்டரே. 2003இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தலைசிறந்த நாயகர் 50 பேர், தீயோர் 50 பேர் என இரு பட்டியல்களை வெளியிட்டது. தீயோர் வரிசையில் முதலிடம் லெக்டருக்குக் கிடைத்தது. அக்கதையிலேயே உயிரைப் பணயம் வைத்து ஒரு பெண்ணைக் காப்பாற்றிய ஸ்டார்லிங், நாயகர் வரிசையில் ஆறாம் இடத்தைப் பெற்றாள்.

கொலைஞன் ஒருவனை வாசகர் இவ்வளவு விரும்பியது எதனால்? அவனுடைய அறிவு அதற்கு ஒரு காரணம். தம்மைவிட அறிவிற் சிறந்தவனைக் கண்டு வியப்பது மனித இயல்பு. அவன் எவரை வெறுக்கிறான் என்பது அதனினும் வலிய காரணம். நயமற்றோரையும் இங்கிதம் அறியாதோரையும் அவன் பொறுப்பதில்லை. அவனிடம் சிக்கி மாண்டவர்களுள் ஒருவன், இசைக்குழுவில் திறமின்றிக் குழல் வாசித்தவன். 'ஹானிபல்' நாவலில் அவனை எதிர்ப்போரோ மேலும் இழிந்தவராகவே படைக்கப்பட்டுள்ளனர். ஒருவன் குழந்தைகளைச் சிதைத்த செல்வன். ஒருவன் பரிசுப் பணத்துக்காக அவனைக் காட்டிக்கொடுக்கத் துணிந்த ஃப்ளாரன்ஸ் நகரக் காவல் அதிகாரி. ஒருவன் ஸ்டார்லிங்கின் வாழ்வைக் கெடுத்த அரசு அலுவலன். இவர்கள் வீழும்போது வாசகன் வருந்துவதில்லை. 'இவனுக்கு இது வேண்டும்' என்று அவன் உள்ளம் மெல்லச் சொல்லிக்கொள்கிறது. நாம் ஆராய வந்த உடன்பாடு இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

வாசகர் சினந்த வேளை

11 ஆண்டுகள் காத்திருந்த வாசகர், 1999இல் வெளிவந்த 'ஹானிபல்' நாவலை ஆவலுடன் வாங்கினர். அதன் முடிவைப் படித்தவருள் பலர் திகைத்தனர், சினந்தனர். அம்முடிவில் லெக்டர் ஸ்டார்லிங்கை மருந்தாலும் மனவசியத்தாலும் தன்வயப்படுத்துகிறான். கொடியதொரு விருந்தில் அவளும் பங்கு கொள்கிறாள். ஈற்றில் அவள் அவனுடைய துணைவியாகி, தென் அமெரிக்க நகரம் ஒன்றில் செல்வச் செழிப்போடு வாழ்கிறாள். அறத்தின் பக்கம் நின்ற ஒரே பாத்திரத்தை ஆசிரியர் கொலைஞனுக்குக் கொடுத்துவிட்டாரே என்பது வாசகரின் முறையீடு. எழுத்தாளரும் இரு கூறாயினர். திகில் கதைகளால் புகழ்பெற்ற ஸ்டீஃபன் கிங் நியூயார்க் டைம்ஸ் இதழில் நாவலை உயர்வாகப் பாராட்டினார். ஆங்கில எழுத்தாளர் மார்ட்டின் ஏமிஸோ அதனைக் கடுமையாகச் சாடினார். ஆசிரியரே தாம் படைத்த கொலைஞனிடம் மயங்கிவிட்டார் என்பது அவர் கூறிய குற்றத்தின் சாரம்.

2001இல் இதனைப் படமாக்கிய ரிட்லி ஸ்காட் முடிவை மாற்றினார். டெம்மி இயக்க முன்வரவில்லை. முன்னர் ஸ்டார்லிங்காக நடித்த ஜோடி ஃபாஸ்டரும் ஏற்கவில்லை. ஜூலியான் மூர் அப்பாத்திரத்தில் நடித்தார். படத்தில் ஸ்டார்லிங் இறுதிவரை நேர்மை குன்றாமல் நின்று, லெக்டரின் கையைத் தன் கையோடு சேர்த்து விலங்கிடுகிறாள். அவளைத் துன்புறுத்த விரும்பாத லெக்டர் தன் கையையே வெட்டிக்கொண்டு தப்புகிறான். ஸ்டார்லிங்கின் பெருமை காக்கப்பட்டது. வாசகர் குறையும் தீர்ந்தது. ஆனால் அம்மாற்றத்தால் கொலைஞன் முன்னினும் அன்புக்குரியவன் ஆனான் என்பதனை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

இந்நிகழ்ச்சியை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். வாசகரின் சினம் நல்லுணர்விலிருந்து எழுந்ததே, அதில் ஐயமில்லை. ஆயினும் அச்சினம் எப்பொழுது எழுந்தது? குழல் வாசித்தவன் மாண்டபோது எழவில்லை. தப்பியோடும் வழியில் லெக்டர் காவலர் இருவரைக் கொன்றபோது எழவில்லை. அவ்விருவரும் இழிந்தோரும் அல்லர். தம் கடமையைச் செய்துகொண்டிருந்தவர்கள். தாம் நேசித்த ஒருத்தி பாழானபோதுதான் எழுந்தது. அப்படியாயின், அதுவரை வாசகர் ஓர் ஒப்பந்தத்தில் இருந்தனர் என்பது புலனாகிறது. 'நீ கொல்லலாம், நாங்கள் விரும்பாதவரைக் கொல், நாங்கள் விரும்புபவரைத் தொடாதே' என்பதே அவ்வொப்பந்தம். யாரும் கையெழுத்திடவில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஆசிரியர் அதனை மீறியபோதுதான் அப்படியொன்று இருந்ததே வெளிப்பட்டது.

2006இல் வெளிவந்த நாவலுக்குக் கிடைத்த வரவேற்பும் எண்ணத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது லித்துவேனியாவில் சிறுவன் லெக்டரின் தங்கையைக் கொடியோர் கொன்று உண்டனர் என்று அந்நாவல் அவனுடைய கொடுமைக்கு மூலத்தை விரித்துரைத்தது. இரக்கம் பிறக்க வேண்டிய அவ்விடத்தில் வாசகர் பலருக்கு ஏமாற்றமே பிறந்தது. காரணம் தெரிந்த கொலைஞன் சிறுத்துவிட்டான் என்றனர். அவர்கள் வேண்டியது துன்புற்ற ஓர் உயிரை அன்று, காரணமற்ற ஆற்றலை.

மாவினால் செய்த கோழி

'இவையெல்லாம் கற்பனைதாமே' என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்விக்கு நம்மிடம் பழைய விடையொன்று உண்டு. யசோதர காவியத்தை அறியாத சமண இல்லம் இராது. தீக்கனாக் கண்ட வேந்தன் யசோதரனை உயிர்ப்பலியிடுமாறு அன்னை சந்திரமதி தூண்டுகிறாள். உயிர்க்கொலைக்கு அவன் அஞ்சுகிறான். இறுதியில் மாவினால் கோழி ஒன்று செய்து அதனை வெட்டுவதெனத் தாயும் மகனும் உடன்படுகின்றனர். வாள் விழுந்தது மாவின்மீதுதான், ஓருயிரும் சாகவில்லை. ஆயினும் அவ்விருவரும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று துன்புற்றனர். வெட்டியது மாவை; வெட்ட எண்ணியது உயிரை. எண்ணமே வினையாயிற்று.

மாக்கோழிக்கும் கதைக் கொலைக்கும் வேறுபாடு உண்டென்பதையும் நாம் நேர்மையாக ஒப்ப வேண்டும். யசோதரன் பலியின் பயனை விரும்பி வாளை ஓங்கினான். வாசகன் எதனையும் ஓங்குவதில்லை. அவன் அஞ்சுகிறான்; வியக்கிறான்; பக்கத்தைப் புரட்டுகிறான். இத்தகைய நாவலைப் படிப்போர் எல்லாம் கொலைகாரராகிவிடுவர் என்பது பொய்யுரை. அவ்வாறு சொல்வது அறத்துக்குத் துணையாகாது. வினையின் அளவு எண்ணத்தின் தீவிரத்தைப் பொறுத்தது என்பதே நம் நூல்களின் முடிபு. மென்மையான எண்ணத்துக்கு மென்மையான பயன். வெம்மையானதற்கு வெம்மையான பயன். ஆயினும் சிறிதென்பதனால் இல்லையென்று ஆகிவிடாது.

இல்லறத்தார்க்கு விதித்த நோன்புகளுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி வினையை ஈட்டாதிருத்தல் அதன் பொருள். அது தவிர்க்கச் சொல்லும் ஐந்தனுள் துச்சுருதி என்பது, உள்ளத்தைக் கலக்கும் தீய உரைகளையும் கதைகளையும் கேட்டல். ரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன்வழி வந்த அருங்கலச்செப்பும் இதனை எடுத்தோதுகின்றன. அச்சு இயந்திரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கதை கேட்பதும் ஒரு செயலே என்று கண்ட நுண்மை வியத்தற்குரியது.

அதுகொண்டு, கொலை வரும் கதை அனைத்தும் விலக்கத்தக்கது என்று முடிவு கட்டலாகாது. சீவக சிந்தாமணியில் கட்டியங்காரனின் வஞ்சகமும் சச்சந்தனின் வீழ்ச்சியும் இல்லையா? யசோதர காவியமே கொலையைச் சுற்றி எழுந்த கதையன்றோ? பலிக்களத்துக்குக் கொண்டுவரப்பட்ட அபயருசியும் அபயமதியும் தம் பழம்பிறவிகளைக் கூற, அதைக் கேட்ட வேந்தன் மாரிதத்தன் கொலைத்தொழிலைக் கைவிட்டான். கொலையின் கதையே கொலையை நிறுத்திற்று. ஆகவே கதையில் கொலை உண்டா என்று கேட்பது போதாது. கதையைக் கேட்டபின் கேட்டவன் கை வாளை இறுகப் பற்றுகிறதா, நெகிழ விடுகிறதா என்பதே கேட்கத்தக்கது.

வாசகர் மறந்த ஆட்டுக்குட்டி

ஹாரிஸின் நாவலையே இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். அதன் பெயர்க்கு 'ஆட்டுக்குட்டிகளின் மௌனம்' என்று பொருள். தந்தையை இழந்த சிறுமி ஸ்டார்லிங், மொன்டானாவில் உறவினர் பண்ணை ஒன்றுக்கு அனுப்பப்படுகிறாள். ஒருநாள் விடியுமுன், வெட்டப்படும் ஆட்டுக்குட்டிகளின் அலறல் அவளை எழுப்புகிறது. கொலைக்குக் குறிக்கப்பட்டிருந்த குதிரை ஒன்றையும் உடன் கொண்டு அவள் பண்ணையை விட்டு ஓடுகிறாள். வளர்ந்த பின்னும் அவ்வலறல் அவள் செவியை விட்டு அகலவில்லை. முன்பின் அறியாத ஒரு பெண்ணைக் காப்பாற்ற அவளை உந்துவது அந்த ஓசையே. லெக்டரின் அறிவைப் போற்றியவருள் எத்தனை பேர் நூலின் பெயர் சுட்டும் அந்த ஆட்டுக்குட்டியை நினைந்தனர்? உயிர்களின் ஓலத்தைக் கேட்கப் பழகிய நம் செவிகளுக்கு அதுவன்றோ முதலில் கேட்டிருக்க வேண்டும்!

இன்னொன்றும் உண்டு. கொலைஞனைக் கண்டுபிடிக்க லெக்டரின் குறிப்பு உதவியது மெய்யே. ஆனால் உண்மை துலங்கிய இடம் வேறு. முதலில் கொல்லப்பட்ட ஃப்ரெடரிக்கா என்னும் எளிய பெண்ணின் ஊருக்கு ஸ்டார்லிங் செல்கிறாள். அவளது அறையில் நின்று, அவள் தைத்த ஆடைகளைப் பார்க்கிறாள். துணியில் இருந்த தையல் வெட்டின் வடிவமும், பிணமொன்றில் கண்ட வெட்டின் வடிவமும் ஒன்றே என அப்பொழுது தெளிகிறது. இறந்தவளை ஒரு சடலமாக எண்ணாமல், தையல் அறிந்த, ஆசைகள் கொண்டிருந்த ஒரு பெண்ணாக எண்ணிப் பார்த்தமையால் கிடைத்த தெளிவு அது. லெக்டரின் பெயரை உலகம் அறியும். ஃப்ரெடரிக்காவின் பெயரை, நூலைப் படித்தவருள்ளும் பலர் நினைவில் வைத்திரார். ஒரே நூலுள் இரண்டு வழிகள் கிடந்தன. பெரும்பாலார் ஒரு வழியே சென்றனர்.

அறிவு மட்டும் போதுமா?

லெக்டரை வாசகர் வியந்தது நம்மையும் ஒரு வகையில் சுடுகிறது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் கூடியதே வீட்டுநெறி என்று கற்றவர் நாம். காட்சியும் ஒழுக்கமும் அற்று, அறிவு மட்டும் பெருகி நிற்கும் உருவத்துக்கு லெக்டரினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அவ்வுருவத்தைக் கண்டு உலகம் கைதட்டுகிறது. நம் இல்லங்களில் மட்டும் என்ன நிகழ்கிறது? பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை உறவினர்க்கெல்லாம் சொல்லி மகிழ்கிறோம். உடன் படிக்கும் மெலிந்த மாணவனை அவன் ஏளனம் செய்யாதிருந்ததை யாரிடமாவது சொல்கிறோமா? 'அறிவாளி' என்பதே பாராட்டின் உச்சமாகிவிட்ட வீட்டில் வளரும் பிள்ளை, அறிவாளியான கொலைஞனைக் கண்டு மயங்கினால் பிழை பிள்ளையுடையது மட்டும் அன்று.

இப்பாத்திரத்துக்கு வித்தாக அமைந்த உண்மை மனிதரைப் பற்றி ஹாரிஸ் 2013இல், நாவலின் வெள்ளிவிழாப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் வெளியிட்டார். இளம் இதழாளராக மெக்சிகோவின் மான்ட்டெரே நகரச் சிறைக்குச் சென்றபோது, கைதி ஒருவருக்குச் சிகிச்சை செய்த நயமிக்க மருத்துவர் ஒருவரோடு உரையாடினார். அவரைச் சிறை மருத்துவர் என்றே எண்ணினார். அவரும் கொலைத் தண்டனை பெற்ற கைதியே எனச் சிறை அதிகாரி பின்னர் கூறினார். அம்மருத்துவர் பின்னாளில் விடுதலை பெற்று, ஏழைகளுக்கு மருத்துவம் செய்து முதுமையுற்று மறைந்தார். கதையில் வந்தவன் நூலுக்கு நூல் கொலையில் தேர்ந்தான். மெய்யாக வாழ்ந்தவரோ நோயுற்ற ஏழையின் நாடி பிடித்தார். அவர் செய்த கொலை இதனால் அழிந்துவிடவில்லை. ஆயினும் திரும்பும் வழி எவ்வுயிர்க்கும் அடைபடுவதில்லை என்பதனை அஞ்சன சோரன் கதையால் அறிந்த நமக்கு, இம்மனிதரின் வாழ்வு கற்பனையினும் பெரிதாகத் தோன்றுகிறது. எந்த வாசகரும் அவருக்கு முதலிடம் தரவில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கது

இத்தகைய நூல்களைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி எறிவதால் பயன் விளையும் என்று நாம் கருதவில்லை. பிடுங்கிய நூல் மறைவில் படிக்கப்படும். மறைவில் படித்ததைப் பற்றிப் பேச ஒருவரும் இரார். சிறுவர்க்கு வயது வரும்வரை விலக்குவது பெற்றோர் கடமை. வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் படித்ததைப் பற்றிக் கேட்பதே சிறந்த வழி. 'கதையில் யார் யார் இறந்தனர்? அவர்களுடைய பெயர் நினைவிருக்கிறதா? யார் இறந்தபோது உனக்கு வருத்தம் வரவில்லை? ஏன் வரவில்லை? வருத்தம் வராதபடி ஆசிரியர் முன்கூட்டியே என்ன செய்து வைத்தார்?' இவ்வினாக்களுக்கு விடை தேடும் பிள்ளை, தன் மனம் எவ்விடத்தில் இசைந்தது என்பதைத் தானே கண்டுகொள்ளும்.

அப்பழக்கம் நாவலோடு நின்றுவிடாது. செய்தித்தாளில் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான் எனப் படிக்கும்போது, 'அவன் எத்தகையவனோ, அதற்குத் தக்கது கிடைத்தது' என்று நாம் நினைப்பதுண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் விசாரணையின்றி மாண்டான் என்றால் நிம்மதி கொள்வதும் உண்டு. அங்கே மாக்கோழி இல்லை. உயிருள்ள மனிதனே இருக்கிறான். கதையில் பழகிய இசைவு, நாள்தோறும் நம்மைச் சுற்றி நிகழும் கொலைகளுக்கு நாம் காட்டும் இசைவாக வளரும் இடம் இதுவே. கொல்லத் தகுந்தவன் என்று ஒருவனை மனம் ஒதுக்கிய அக்கணமே, கொல்லாமை என்னும் நம் தலையாய அறத்தில் ஒரு கல் பெயர்ந்துவிடுகிறது.

எனவே கதை படிப்போம். தீமையின் இயல்பையும் அறிவோம். ஆயினும் பக்கத்தைப் புரட்டுமுன், வீழ்ந்து கிடப்பவன் யாராயினும் அவனுக்காக ஒரு கணம் நெஞ்சு கனக்கிறதா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோம். கனக்குமாயின் அந்நூல் நம்மைக் கெடுக்கவில்லை. கனக்கவில்லையாயின் நூலை மூடி வைத்து, கனக்காத அந்நெஞ்சை முதலில் ஆராய்வோமாக.